குச்சிக்கு அகலம் தெரியாது

கழுத்தில் தாலி ஏறியபோது வந்த நிம்மதியைவிட, காலில் செருப்பு ஏறியபோது வந்த நிம்மதிதான் எனக்குப் பெரியது. இதை என் வீட்டுக்காரரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

என் கால் அகலம். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. நீளம் சாதாரணமாக எந்தப் பெண்ணுக்கும் இருப்பதுதான். ஆனால் விரல்கள் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் தாராளமாக விரிந்து, சுண்டுவிரல் தனிக்குடித்தனம் போனதுபோல் ஒதுங்கி நிற்கும். அது அப்பாவின் கால். அம்மாவின் மூக்கும் அப்பாவின் காலும் எனக்கு வந்து சேர்ந்தன. அப்பா கோவிந்தராஜ் ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி டீக்கடை வைத்திருந்தார். வருஷம் முழுக்க ரப்பர் செருப்பில் அந்தக் காலோடுதான் நின்று டீ ஆற்றினார். ஒருத்தர்கூட அவர் காலைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆம்பளைக்கு அகலமாக இருந்தால் அது வெறும் கால். பொம்பளைக்கு இருந்தால் குறை. அந்தக் குறையை எனக்குத் தெரிவித்தவர்கள் ஆத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. நான் காபித் தட்டோடு வந்தபோது, மாப்பிள்ளையின் பெரியம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, நேராகக் காலைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, பெண் நல்லாத்தான் இருக்கிறது, காலுதான் ஆம்பளைக் காலாட்டம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னதாகச் சொல்லிவிட்டு ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார். அந்த டீக்குக் காசு வாங்கியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

அதற்குப் பிறகு அம்மா உஷாராகிவிட்டாள். அடுத்த வருஷம் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தபோது, தரையைத் தொடுகிற மாதிரி எனக்குச் சேலையைக் கட்டிவிட்டாள். காபி கொடுத்து முடிப்பதற்குள் என் சேலை ஓரம் பாதி வீட்டைக் கூட்டிவிட்டது. காலை யாரும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் பெயர் வெங்கடாசலம், சர்வேயர் உத்தியோகம். காடுமேடெல்லாம் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவர். அன்றைக்கு அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், மழைக்காலத்திலும் வேலைக்கு நடந்துதான் போவீர்களா என்று. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஆமாம், மேட்டில் ஒன்றரை மைல் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அதில் என்ன தெரிந்துகொண்டாரோ, ஒரு வாரத்தில் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எக்ஸ்சேஞ்ச் வேலை எனக்குத் தோதான வேலை. காலை மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டியதுதான். ஏற்காட்டில் இருக்கிற எல்லா எஸ்டேட்டுக்கும் என் குரல் தெரியும். கால் யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பெண்ணைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக நடத்தி அழைத்து வருவார்கள். அப்போது பெண்ணின் தலைப்பூவிலிருந்து காலின் செருப்பு வரைக்கும் எல்லாமே மாப்பிள்ளை வீட்டார் கொடுத்ததாக இருக்க வேண்டும். வாங்குகிற பொறுப்பு மாப்பிள்ளையின் அக்கா ராஜேஸ்வரியுடையது. சேலத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி உடுத்துகிறவர் அவர். ஏற்காட்டு மேட்டுக்கே பென்சில் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வந்தவர். ரவிக்கைக்கு அளவு ரவிக்கை ஒன்றும், செருப்புக்கு அளவுக்குச்சியும் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அளவுக்குச்சி என்றால் ஈர்க்குச்சிதான். துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனி வரைக்கும் வைத்து ஒடித்துக் கொடுத்துவிட்டால் போதும், அதைக் கடைக்காரரிடம் நீட்டி செருப்பு வாங்கி வந்துவிடுவார்கள். ஆள் நேரில் போகாமல் செருப்பு வாங்க எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற காரியம் அது. அம்மா என்னைச் சுவரோரமாக நிற்கவைத்து ஒரு குச்சியை ஒடித்தாள். அகலத்துக்கும் இன்னொரு குச்சி ஒடித்து அனுப்பலாம் என்று நான் சொன்னேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீளம் கேட்டாங்க, நீளம் குடுத்தாச்சு. கேக்காததை நாம எதுக்குக் கண்ணு சொல்லோணும்?"

அம்மாவின் பெயர் பழனியம்மாள். பொய் சொல்ல மாட்டாள். உண்மையில் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை மட்டும் அவளே முடிவு செய்வாள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ராஜேஸ்வரி அண்ணி பட்டுச்சேலையும் அட்டைப்பெட்டியுமாக வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். தங்க நிறத்தில், விரல் கனத்தில் வார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, நடுவில் வெள்ளைக் கல் பதித்த செருப்பு. பின்னால் ஒல்லியான ஹீல்ஸ். அதுவரைக்கும் கறுப்பையும் பழுப்பையும் தவிர வேறு நிறத்தில் நான் செருப்பு போட்டதில்லை. அந்தச் செருப்பு எனக்கு வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. எனக்கு அழகான பொருள்கள் பிடிக்கும். அகலமான கால் இருப்பவளுக்கு அந்த ஆசை இருக்கக்கூடாது என்று சட்டமா என்ன?

போட்டுக் காட்டச் சொன்னார் அண்ணி. அம்மாதான் காப்பாற்றினாள். பெண்ணழைப்புச் செருப்பை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் காலில் போட வேண்டும், முன்னாடியே போட்டால் ஆகாது, எங்கள் வழக்கம் அப்படி என்றாள். அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது. அண்ணி ரொம்ப மரியாதையோடு கேட்டுக்கொண்டார். இந்தக் காலத்தில் இவ்வளவு சாத்திரம் பார்க்கிறவர்கள் யார் இருக்கிறார்கள் என்று புகழ்ந்துவிட்டுப் பஸ் ஏறினார்.

பஸ் கிளம்பிய சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். நீளம் கச்சிதம். குச்சி பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று விரல்தான் உள்ளே போயிற்று. மற்ற இரண்டும் வெளியே நின்றன. பக்கிள் மாட்டுகிற பேச்சுக்கே இடமில்லை.

அம்மா தேங்காயெண்ணெய் தடவினாள். ஈரக் காகிதத்தைத் திணித்து இரண்டு நாள் வைத்தாள். அப்பா தன் பங்குக்குக் கடையிலிருந்து காலி பால் டின்களைக் கொண்டுவந்து வார்களுக்குள் சொருகி பாய்லர் பக்கத்தில் வைத்தார். மூன்றாம் நாள் வார் கொஞ்சம்கூட விரியவில்லை, ஒரு கல் மட்டும் உதிர்ந்து விழுந்தது. அம்மா அதை எடுத்துக் கோந்து போட்டு ஒட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் திணித்துப் பத்து அடி நடந்து பார்த்தேன். ஐந்தாவது அடியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழாவது அடியில் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் சேலத்துக்குப் போனோம். அதே மாதிரி செருப்பு அகலத்தில் கிடைத்தால் ரகசியமாக வாங்கி வந்துவிடலாம் என்று திட்டம். செருப்புப் பெட்டியின் மூடியில் கடையின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. ஆனால் அந்தக் கடைக்கு மட்டும் அம்மா போக விடவில்லை. அண்ணி அங்கே வாடிக்கை, விஷயம் காதுக்குப் போய்விடும் என்றாள். மற்ற மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடையில் கறுப்பு நிறத்தில் வட்ட மூக்கு வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். நர்ஸ் டிரெயினிங்குக்கா என்று கேட்டார்கள். இரண்டாவது கடையில் தேடிப் பார்க்கிறேன் என்று உள்ளே போன ஆள் திரும்பி வரவே இல்லை. மூன்றாவது கடையில் ஒரு ஆள் என் காலைப் பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "லேடீஸ்ல இந்த அகலம் வராதுங்க. ஜென்ட்ஸ் சைடு பாருங்க" என்றான். ஷூ பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அவனை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், வாய் எழவில்லை. டெலிபோனில் எவ்வளவோ பேரை அடக்கியவள் நான். அங்கே என் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் வெளியே வந்தேன். திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன், பன்னிரண்டாவது வளைவில் அழுதுவிட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கால் வலிக்குப் பயந்து நான் அழவில்லை. பத்திரிகை அடித்தாயிற்று. மண்டபம் பேசியாயிற்று. ஊர்வலத்தில் நான் நொண்டினாலோ, வேறு செருப்பில் வந்தாலோ, ஏன் என்று கேள்வி வரும். ஏன் என்று கேட்டால் கால் தெரியும். கால் தெரிந்தால் ஆத்தூர்க் கதைதான். இந்தத் தடவை காலோடு சேர்த்து, குச்சியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சும் சேரும். நிஜத்தில் அது ஓரளவுக்கு உண்மைதான் என்பதுதான் என்னை இன்னும் அறுத்தது.

இரண்டு நாளில் முகூர்த்தக்கால் நட்டார்கள். அதன்பிறகு பெண் மலையிறங்கக் கூடாது. இது அம்மா உண்டாக்கிய வழக்கமல்ல, நிஜமான வழக்கம். எனக்கு எக்ஸ்சேஞ்சில் மட்டும் ஒரு நாள் டியூட்டி பாக்கி இருந்தது. சூப்பர்வைசர் ஞானசுந்தரம் சார் டீ குடிக்கப் போன நேரத்தில், பெட்டி மூடியில் இருந்த நம்பரைச் சேலத்துக்குப் போட்டேன். என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு கல்யாணத்துக்குச் செருப்பு வேண்டும், உங்கள் கடையில் விற்ற தங்கநிறச் செருப்பு மாதிரியே வேண்டும், ஆனால் கால் கொஞ்சம் அகலம் என்றேன்.

"அகலம் எவ்வளவுங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

அதுவரைக்கும் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அகலம் என்றதும் முகத்தைச் சுளிப்பார்கள், இல்லையென்றால் சிரிப்பார்கள். இந்த மனுஷன் எவ்வளவு என்று கேட்கிறார். தெரியாது என்றேன். ஒரு காகிதத்தைத் தரையில் விரித்து அதன்மேல் நின்று காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள் என்றார் அவர். உட்கார்ந்துகொண்டு வரையக் கூடாது, நின்றால்தான் கால் எவ்வளவு விரிகிறது என்று தெரியும் என்றும் சொன்னார். இருந்தால் தருகிறேன், இல்லையென்றால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன் என்றார்.

சாயங்காலமே பழுப்புக் காகிதத்தில் இரண்டு காலையும் வரைந்தேன். வரைந்து பார்த்தால் எனக்கே கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. கீழே கோபத்தோடு எழுதினேன்: 'இது என் கால். ஈர்க்குச்சி அளவை நம்ப வேண்டாம், குச்சிக்கு அகலம் தெரியாது. பார்க்க அழகாக இருக்க வேண்டும். நர்ஸ் செருப்பு வேண்டாம். ஹீல்ஸ் கட்டாயம் வேண்டும். முக்கியமாக, இது குறித்து மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிய வேண்டாம்.' பெயர் போடவில்லை. மடித்துக் கவரில் போட்டு ஒட்டினேன்.

மலையில் எதை அனுப்புவதென்றாலும் பஸ் கண்டக்டர் கையில்தான். மருந்து, பத்திரிகை, மிளகு மூட்டை எல்லாம் அப்படித்தான் மேலேயும் கீழேயும் போய்வரும். சேலம் பஸ்ஸின் கண்டக்டர் மாரியப்பன் அண்ணன் அப்பா கடையில்தான் தினமும் டீ குடிப்பார். அஸ்தம்பட்டிக்காரர்களைப் பெண் பார்க்க ஏற்றிக்கொண்டு வந்ததும் அவர் பஸ்தான், அவர்கள் வீடு இருக்கிற தெருவும் அவருக்குத் தெரியும். கவரைக் கொடுத்து, கடையின் பெயரைச் சொல்லி, அங்கே சேர்த்துவிடுங்கள் என்றேன். காலை நினைத்து எனக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்து, கவரைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் ஆயிற்று. பதிலில்லை. எக்ஸ்சேஞ்சில் பத்திரிகை கொடுக்கிற சாக்கில் போய், தோழியை விட்டு அந்தக் கடைக்கு மறுபடி போன் போடச் சொன்னேன். எந்தக் கவரும் வரவில்லை என்றார் கடைக்காரர். நேராக பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கினேன். மாரியப்பன் அண்ணன் அப்பா கடை வாசலில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் பெரிய சந்தோஷம்.

"பத்தரமா சேத்துட்டேன் கண்ணு. மாப்பிள்ளை கையிலயே குடுத்துட்டேன்."

செருப்புக் கடை என்றுதானே சொன்னேன் என்றேன்.

"கடைன்னு சொன்னா எனக்குத் தெரியாதா? நாள் குறிச்ச புள்ள, மூஞ்சி செவக்கச் செவக்கக் கவரு குடுக்குது. அது கடைக்காரனுக்கா இருக்கும்? நானும் கலியாணம் பண்ணுனவன்தானுங்களே."

பெஞ்சில் உட்கார்ந்தேன். என் கால் படம், கீழே என் கோபம், அதற்குக் கீழே மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிய வேண்டாம் என்ற வரி. எல்லாம் மாப்பிள்ளை கையில். ஒளிக்க நினைத்ததை நானே கோடு போட்டு வரைந்து, விளக்கமும் எழுதி அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "போச்சு" என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

அடுத்த ஐந்து நாளும் நான் வாசலில்தான். எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, கடைக்குப் பின்னால். சேலம் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் பென்சில் ஹீல்ஸ் இறங்குகிறதா என்று பார்ப்பேன். யார் யாரோ இறங்கினார்கள், அண்ணி இறங்கவில்லை. அதுவும் பயமாக இருந்தது. கோபமாக வந்து கேட்டாலாவது பதில் சொல்லலாம். ஒன்றும் பேசாமல் இருக்கிறவர்களிடம் என்ன சொல்வது?

ஆறாம் நாள் மதியம் மாரியப்பன் அண்ணன் கையில் ஒரு பார்சலோடு மேடேறி வந்தார். மாப்பிள்ளை கொடுத்தனுப்பினார், உன் கையில் மட்டும்தான் கொடுக்கச் சொன்னார் என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவையாவது சரியாகக் கொண்டுவந்தேனா என்பதுபோல் என்னைப் பார்த்தார். அவர் போன பிறகு அவிழ்த்தேன். அதே மாதிரி அட்டைப்பெட்டி. உள்ளே அதே தங்க நிறம், அதே குறுக்கு நெடுக்கு வார்கள், நடுவில் அதே வெள்ளைக் கல். ஆனால் அடிப்பாகம் அகலம். வார்கள் தாராளம். ஹீல்ஸ் மட்டும் பென்சில் இல்லை. உயரம் இருந்தது, கனமும் இருந்தது.

அடியில் என் பழுப்புக் காகிதம் மடித்து வைத்திருந்தது. நான் வரைந்த கோட்டுக்கு வெளியே, சுற்றிலும், சீவிய பென்சிலால் இன்னொரு மெல்லிய கோடு. அங்கங்கே புள்ளி வைத்து, புள்ளிக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக அளவு எழுதியிருந்தது. நிலத்துக்கு வரைபடம் போடுகிற மாதிரியே என் காலுக்கும் போட்டிருந்தார். பின்பக்கத்தில் கடிதம்.

'கவர் என் கைக்கு வந்ததால் பிரித்துவிட்டேன். மன்னிக்கவும். அக்கா வாங்கிய கடையில் இந்த அகலத்தில் இல்லை. எனக்கு பூட்ஸ் தைக்கிற வேடியப்பனிடம் அக்கா வாங்கியது மாதிரியே ஒன்றைக் காட்டி அகலத்தில் தைக்கச் சொன்னேன். மேடேறி நடந்தால் கால் இன்னும் கொஞ்சம் விரியும். என் காலும் அப்படித்தான். அதனால் சுற்றிலும் ஒரு நூல் அளவு கூட விட்டிருக்கிறேன். ஏற்காட்டு ரோட்டுக்கு இரண்டு இன்ச் ஹீல்ஸுக்கு மேல் வேண்டாம் என்று வேடியப்பன் சொல்கிறார். நீங்கள் கேட்டுக்கொண்டபடி, இது குறித்து மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது.'

கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வலது காலை நுழைத்தேன். ஐந்து விரலும் உள்ளே போயின. சுண்டுவிரல் உள்பட. பக்கிள் மூன்றாவது ஓட்டையில் சுலபமாக மாட்டியது. எழுந்து நின்றேன். எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் இடிக்கவில்லை. அடுக்களைக்கு நடந்தேன், வாசலுக்கு நடந்தேன், அங்கிருந்து கடைக்கு இறங்கும் படிக்கட்டில் இறங்கி மறுபடியும் ஏறினேன். இரண்டு வாரமாக நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் அந்தச் செருப்பைக் கழற்றவில்லை. அம்மாவின் சாத்திரம் என் நினைவுக்கே வரவில்லை.

அம்மா கடிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு அதை மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"அப்ப, மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சு போச்சும்மா."

அம்மா பழைய பெட்டியை எடுத்துப் பரண்மேல் கள்ளிப்பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அன்று ராத்திரிச் சோற்றுக்கு அப்பளம் பொரித்தாள்.

பெண்ணழைப்பு அன்றைக்கு லேசாகத் தூறிவிட்டு விட்டிருந்தது. ரோடெல்லாம் ஈரம், ஏரிப் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. பட்டுச்சேலையைக் கட்டிவிட்ட அம்மா, எல்லாம் முடித்துக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு என் காலடியில் உட்கார்ந்து, கொசுவத்தை ஒரு இன்ச் உயர்த்தி ஊக்கு குத்தினாள். தரையைத் தொட்டுக்கொண்டிருந்த சேலைக்குக் கீழே தங்க வார்கள் பளிச்சென்று தெரிந்தன. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் முழுக்க மேடு. மேளம் முன்னால் போக, நான் நிமிர்ந்து நடந்தேன். கால் விரிந்தது. கூட விட்டிருந்த அந்த ஒரு நூல் அளவுக்குள் சரியாக விரிந்து அடங்கியது. ராஜேஸ்வரி அண்ணிதான் பாவம். பென்சில் ஹீல்ஸ் ஈர ரோட்டில் வழுக்க, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி மேட்டில் மூச்சு வாங்க நின்று என் காலைக் குனிந்து பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"பாத்தியா கண்ணு, எப்புடி அளவெடுத்து வெச்சாப்புல உக்காந்துருக்குது. குச்சி அளவு என்னைக்கும் தப்பாது."

ஆமாங்க அண்ணி என்றேன். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அக்கா சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். என் செருப்பை ஒரு தடவை பார்த்தார், உடனே மழை வருமா என்று பார்ப்பதுபோல் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு படியேறினேன்.

ஆனால் மறுநாள் காலையில் செருப்பு கிடையாது. தாலி கட்டி முடித்து அம்மி மிதிக்க வரும்போது வெறும் கால்தான். மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காலைக் கையால் பிடித்துத் தூக்கி அம்மிமேல் வைக்க வேண்டும், மெட்டி போட வேண்டும். பார்ப்பதற்காகவே பொம்பளைகள் எல்லோரும் சுற்றி நெருக்கிக்கொண்டு குனிவார்கள். முன்வரிசையில் அண்ணி. அவருக்குப் பின்னால் அவர்கள் பக்கத்துப் பெரியம்மாக்கள், சித்திகள். காகிதத்தில் பார்த்தது வேறு, இது வேறு. இத்தனை நாள் சேலைக்குள் ஒளித்த கால் மேளச் சத்தத்துக்கு நடுவே, பட்டப்பகலில், எல்லோர் கண்முன்னாலும் இருந்தது. பழைய பயம் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. என்னை அறியாமலே விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு, காலை எவ்வளவு சின்னதாக ஆக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக ஆக்கப் பார்த்தேன்.

அவர் குனிந்தார். என் வலது காலைப் பிடித்தார். விறைத்துப்போய் இருக்கிறது என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடனே தூக்கவில்லை. நிமிராமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"பயப்படாதீங்க. ஏற்கெனவே அளந்த காலுதானுங்களே."

மடக்கியிருந்த விரல்களை நீட்டினேன். அவர் காலைத் தூக்கி வைக்க, அம்மிக்கல்லின்மேல் அதை முழு அகலத்துக்கும் ஊன்றி நின்றேன்.